புறமற்றோர் என்றொரு பெயர்

முதலிபாளையம் சிட்கோவை ஒட்டிய லைன் வீடுகளில், மூன்று வயதாகியும் பையன் பேசவில்லையென்றால் அது உடனே நோயாகிவிடுவதில்லை. 'இவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான், உடுங்க' என்பாள் பாட்டி. கோயிலுக்கு ஒரு வேண்டுதல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாமல் போகும்போதுதான் டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லுவார்: ஆட்டிசம். அது இங்கே வந்து சேர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. வழியில் யாரைக் குற்றவாளியாக்கியது, யாரைக் கணக்கில் விட்டது என்பதே இங்கு விஷயம்.

1911இல் வெளிவந்த நூலில், சுவிஸ் மருத்துவர் ப்ளாய்லர் மனச்சிதைவின் ஒரு குணமாக இதை வைத்தார். 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே வேர். 1943இல் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து இதைத் தனியான ஒன்றாக்கினார். மறுவருஷம் வியன்னாவில் அஸ்பெர்கர் எழுதினார். இருவருக்கும் முன்பே, 1925இல், மாஸ்கோவில் சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே சாயலுள்ள சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமலே இருந்தார்.

கானரின் கட்டுரை, இது பிறவியிலேயே உள்ளது என்று முடிகிறது. கூடவே பெற்றோரிடம் கண்ட ஒட்டாத தன்மையையும் சொல்கிறது. இந்த இரண்டாவதே உலகின் காதில் விழுந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தன் நூலில் தாயைக் கூண்டில் ஏற்றினார். நாஜி முகாம்களில் அடைபட்டிருந்த அவரே, அந்த முகாமின் உவமையை வீட்டுக்குள் கொண்டுவந்தார். 1964லேயே பெர்னார்ட் ரிம்லண்ட் காரணம் உடல் சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். அவர் உளவியலாளர், இப்படியொரு பையனின் தகப்பன். 1969இல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவித்தார். 1977இல் இரட்டையர் பற்றிய ஆய்வு பரம்பரையின் பங்கைக் காட்டியது. தீர்ப்பு மாறிவிட்டது. ஆனால் 'அம்மா வேலைக்குப் போறா, அதான்' என்ற பேச்சு பனியன் கம்பெனி வாசலில் இன்றும் கேட்கிறது.

இந்தியாவிலும் காரியம் செய்தது ஒரு தாய்தான். மெர்ரி பரூவா 1991இல் டில்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1995இன் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைகளைப் பட்டியலிட்டது. அதில் இது இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பெயர் வந்தது. 2016இன் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றது. பட்டியலில் பெயர் இல்லாதவரை இந்தக் குழந்தை மனவளர்ச்சி குன்றியவன் என்ற கணக்கில் போகும், அல்லது எதிலும் போகாது.

தமிழ்நாட்டு அரசு வழக்கில் இவர்களுக்கு வாய்த்த பெயர் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்'. ப்ளாய்லரின் பிழை தமிழில் இரட்டிப்பாகிவிட்டது. மின்விசிறியின் ஓசையும் பனியனுக்குள்ளிருக்கும் லேபிளின் உரசலும் தாங்க முடியாத ஒருவனைப் புறம் அற்றவன் என்பது எப்படிச் சரி? அவனுக்குப் புறம் அளவுக்கு மீறி இருக்கிறது. தனிமையை ஒரு அழகாகவே வளர்த்துக்கொண்ட நம் புதுக்கவிதைக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. நாம் விரும்பி ஏற்கும் தனிமை வேறு, பிறர் பெயரிட்டுத் தள்ளிவைக்கும் தனிமை வேறு. யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' நாவல் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனையே நடுவில் வைத்தது.

கானரின் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் வங்கி வேலை, கோல்ஃப், தனியே ஊர்சுற்றல் என்று வாழ்ந்து 2023இல், 89 வயதில் இறந்தார். ஊர் அவரை அவராகவே ஏற்றது என்கிறார்கள். வங்கி குடும்பத்துடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷிப்ட் கூலியில் வாடகை கட்டும் வீட்டுக்கு அந்த ஏற்பு இலவசமாகக் கிடைக்காது. பள்ளியும் பயிற்சியும் சான்றிதழும் அருகிலேயே இருந்தாக வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்னத் திருத்தம் செய்யலாம். நிட்டிங் மெஷின் ஓடும்போது அந்தப் பையன் காதைப் பொத்திக்கொள்கிறான். அவனுக்கு அது நம்மைவிட அதிகமாகக் கேட்கிறது என்று எழுதிக்கொள்வோம்.