எவ்வளவு கொடுக்குது?

பழைய பைக் ஒன்று வாங்கலாம் என்று கிளம்பிவிட்டீர்கள். மூன்று வண்டிகளைப் பார்த்தாயிற்று. முதல் இரண்டும் சமர்த்துப் பிள்ளைகள். லிட்டருக்கு அறுபது கிலோமீட்டர் கொடுக்கும். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும். ஸ்பேர் பார்ட்ஸ் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

மூன்றாவது வண்டி யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. வயது நாற்பது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்ஸர். ‘‘எவ்வளவு கொடுக்குது?’’ என்று நீங்கள் மைலேஜ் கேட்டால், விற்கிறவர் வானத்தைப் பார்க்கிறார். விலையோ, முதல் இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் மிச்சம் நிற்கிற அளவுக்கு! மூளை என்ன சொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. இருந்தும் அரை மணி நேரமாக அந்தத் தார்ப்பாய் பக்கமே நின்றுகொண்டிருக்கிறீர்களே, ஏன்?

அந்த மூன்றாவது வண்டியின் பெயர் ராஜ்தூத் 350. ஜப்பானில் அதற்கு யமஹா ஆர்.டி. 350 என்று பெயர். புதிதாக ஷோரூமில் நின்றபோது நம் ஊர்க்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, வேறு வண்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பழசானபோது தேடித்தேடி அலைகிறார்கள். இப்படித் தலைகீழாக ஒரு சரித்திரம் எப்படி ஏற்பட்டது என்று பார்த்துவிட்டு, அப்புறம் தார்ப்பாயைத் தூக்கலாம்.

கதை ஒரு ஆர்மோனியத்தில் ஆரம்பிக்கிறது என்றால் நம்புவீர்களா? 1887-ல் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் ஒரு பள்ளிக்கூடத்து ‘ரீட் ஆர்கன்’ கெட்டுப் போனது. ஆர்மோனியத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பழுதுபார்க்க வந்தவர் டொராகுசு யமஹா. பழுதுபார்த்த கையோடு, ‘இதை நாமே செய்தால் என்ன?’ என்று அவருக்குத் தோன்றியது. அப்படி உருவானதுதான் யமஹா இசைக்கருவி கம்பெனி. 1955-ல் அதிலிருந்து மோட்டார் கம்பெனி தனியாகப் பிரிந்தது. இன்றைக்கும் யமஹா பைக்கின் டேங்க்கில் இருக்கும் சின்னத்தை உற்றுப் பாருங்கள். மூன்று இசைக்கவைகள்!

1973-ல் இந்தக் கம்பெனி ஆர்.டி. 350-ஐக் கொண்டுவந்தது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர், 39 குதிரைசக்தி. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை என்ஜினுக்குள் நுழைகிற வழியில் மெல்லிய தகடுகளை வைத்தார்கள். கலவை உள்ளே போகும்போது தகடு திறக்கும், திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். இதற்கு ‘ரீட் வால்வ்’ என்று பெயர். ஆர்மோனியத்தில் நாதம் எழுப்புகிற தகட்டுக்கும் பெயர் ரீட்தான். வேலை வேறு, ஆனால் காற்றுக்குத் தலையாட்டுகிற தகடு என்ற வகையில் இரண்டும் உறவுக்காரர்கள்.

அதன் சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறை வெடிக்கும். இரண்டு சிலிண்டர் என்றால் சுற்றுக்கு இரண்டு வெடி. நான்கு சிலிண்டர் கொண்ட கார் என்ஜினிலும் சுற்றுக்கு இரண்டு வெடிதான்! அந்தப் படபடப்பை அப்படியே ஒரு பைக்கில் கேட்டால் மனசு என்ன ஆகும், சொல்லுங்கள்.

இந்த வண்டி இந்தியாவுக்கு வந்தது பத்து வருடம் கழித்து, 1983-ல். அதற்குள் ஜப்பானில் ஆர்.டி. 400 வந்து, தண்ணீரில் குளிரும் ஆர்.டி. 350 எல்.சி.யும் வந்துவிட்டிருந்தது. அவர்கள் மறந்துவிட்ட வண்டிதான் நமக்குப் புத்தம் புதுசு! லைசென்ஸ் ராஜ்யத்தின் லட்சணம் அப்படி. ஆனால், அந்தப் பழைய வண்டியே நம் சாலையில் விமானம் மாதிரி பறந்தது என்பதுதான் வேடிக்கை.

கொண்டுவந்தது ஃபரிதாபாத்தின் எஸ்கார்ட்ஸ் கம்பெனி. அவர்களுடைய ராஜ்தூத் 175 போலந்து நாட்டு வடிவமைப்பு. பால் கேன் கட்டித் தொங்கவிட வசதியான, அசராமல் உழைக்கிற வண்டி. கிராமத்தில் அதற்கு நல்ல மதிப்பு. 1973-ல் ‘பாபி’ படத்தில் ரிஷி கபூர் ஓட்டிய குட்டி ராஜ்தூத்தும் அவர்கள் தயாரிப்புதான். பால்காரரின் நம்பிக்கையைப் பெற்ற அந்தப் பெயரை எடுத்து, ஒரு பந்தயக் குதிரையின் நெற்றியில் ஒட்டினார்கள்.

ஒட்டியதோடு விட்டார்களா? குதிரையைக் கொஞ்சம் பழக்கவும் செய்தார்கள். ஜப்பானில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இங்கே அதை எடுத்துவிட்டு டிரம் பிரேக். 39 குதிரைசக்தி 30.5 ஆயிற்று. அப்படியும் அன்றைய புல்லட் 350-க்கு இருந்தது 18 குதிரைசக்திதான்! சாதாரணமாக ஓட்டும்போது சாதுவாகப் போகும். ஆக்ஸிலேட்டரை ஒரு கட்டத்துக்கு மேல் முறுக்கினால் யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போலப் பாயும். பாய்வதற்கு இவ்வளவு ஏற்பாடு செய்தவர்கள், நிற்பதற்கும் அதே அளவுக்குச் செய்திருக்கலாம். ‘ரேபிட் டெத்’ என்று ஆர்.டி.க்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை வெறும் ஜோக் என்று தள்ளிவிடாதீர்கள். வேகம் புதிது, பிரேக் பழசு, ஓட்டியவர்களில் பலருக்கு வயது இருபது.

சரி, ஏன் விற்கவில்லை?

‘எவ்வளவு கொடுக்குது?’ என்ற அந்த ஒரு கேள்விதான். 1973-லும் 1979-லும் உலகத்தையே உலுக்கிய எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு, பெட்ரோல் பங்க்கில் மீட்டர் ஓடும்போது நம் நடுத்தர வர்க்கத்துக்கு வயிற்றில் ஏதோ செய்தது. அந்தச் சமயம் பார்த்து 100 சி.சி. படை வந்து இறங்கியது. 1984-ல் நம் ஓசூரிலிருந்து இண்ட்-சுஸுகி. 1985-ல் ஹரியானாவிலிருந்து ஹீரோ ஹோண்டா சி.டி. 100. ‘நிரப்பு, மூடு, மற’ என்று மூன்றே வார்த்தையில் விளம்பரம். இந்திய மோட்டார் சைக்கிள் சரித்திரத்தையே புரட்டிப் போட்ட மூன்று வார்த்தைகள் அவை. வண்டி வாங்கியவன் வண்டியை மறந்துவிடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சியே!

மனசுக்குப் பிடித்த வண்டியோ மறக்கவே விடாது. மறந்தால் நடுரோட்டில் நிற்கும்.

எஸ்கார்ட்ஸும் சும்மா இருக்கவில்லை. ‘மைலேஜ்தானே வேண்டும், இந்தா’ என்று என்ஜினின் மூச்சுத் துவாரங்களைச் சிறிதாக்கி 27 குதிரைசக்தியில் இன்னொரு ரகம் விட்டார்கள். முதல் ரகத்தை ஹெச்.டி. (ஹை டார்க்) என்றும், இதை எல்.டி. (லோ டார்க்) என்றும் சொல்வார்கள். மிளகாயைக் குறைத்த ஆந்திரா மெஸ் சாப்பாடு! காரம் வேண்டுமென்றவன் முகம் சுளித்தான். காரம் வேண்டாமென்றவன் ஏற்கெனவே தயிர்சாதம் வாங்கிவிட்டான். 1990 வாக்கில் ராஜ்தூத் 350-க்கு மூடுவிழா நடந்தது.

அதே கம்பெனி 1985-ல் விட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100, 98 சி.சி.யில் 11 குதிரைசக்தியோடு சக்கைப் போடு போட்டதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் மனசு, கொஞ்சம் பட்ஜெட். அதுவும் 1996-ல் நின்றுபோனது. 1991-லும் 1996-லும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குச் சாலையில் இடம் குறைந்துகொண்டே வந்தது. சட்டத்தைத் திட்டிப் பயனில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே சைலன்ஸர் வழியே வெளியே போய்விடும். கூடவே எண்ணெய்ப் புகை. மனசு மயங்குகிற அதே சமாசாரம்தான், பின்னால் சைக்கிளில் வருகிறவரின் நுரையீரலுக்குள் போகிறது.

1990-களில் மைலேஜ்காரர்கள் சீந்தாத இந்த வண்டிகள் கைமாறத் தொடங்கின. கல்லூரிப் பையன்கள், மெக்கானிக்குகள், பந்தயப் பிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். பார்ட்ஸ் கிடைக்காதபோது ஒரு வண்டியைக் கொன்று இன்னொன்றைப் பிழைக்க வைத்தார்கள். இரக்கமில்லாத வைத்தியம்தான். ஆனால், அப்படித்தான் மிச்சமிருப்பவை மிஞ்சின. எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறியது. ‘பெட்ரோல் குடிக்கும்’ என்று அப்பா வாங்க மறுத்த வண்டியை, சம்பாதிக்கத் தொடங்கிய மகன் பல மடங்கு விலைக்கு வாங்கினான். அப்பாவைக் கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். பள்ளிக் கட்டணம், வாடகை, ஊருக்கு மணியார்டர் எல்லாம் போக மிச்சத்தில் பெட்ரோல் போட்டவர் அவர். மகன் ஆர்.டி. வாங்க முடிகிறதென்றால் அதற்கு முதலீடு, அப்பாவின் சி.டி. 100 மிச்சம் பிடித்த காசுதான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது தார்ப்பாயைத் தூக்குங்கள்.

டேங்க்கின் பளபளப்பில் சொக்கிவிட வேண்டாம். புது பெயின்ட் என்ஜினைப் பற்றி எதையும் சொல்லாது. முதலில் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய வண்டிகள் நிறைய. நம்பர் மீது உளி பட்ட தடம் தெரிந்தால், ரீட் வால்வாவது இசையாவது, வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். விற்கிறவர் பெயரும் ஆர்.சி.யில் உள்ள பெயரும் ஒன்றா? ‘ஓப்பன் பேப்பரா இருக்கு ஸார், அப்புறம் மாத்திக்கலாம்’ என்றால், அந்த அப்புறம் வரவே வராது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வாங்காமல் பணம் கைமாறக்கூடாது.

அடுத்து, என்ஜின் ஆறிப்போய் இருக்கும்போது உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார். இரண்டு சைலன்ஸரிலும் ஒரே அளவு புகை வருகிறதா? ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவென்றால் இரண்டு கார்புரேட்டரும் ஆளுக்கொரு ராகம் பாடுகின்றன, அல்லது ஒரு சிலிண்டர் ஓய்வுக்கு ஏங்குகிறது. எண்ணெயைத் தானாக அளந்து அனுப்பும் பம்ப் இந்த வண்டியில் உண்டு. பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டினார்கள். உங்களுடையதில் பம்ப் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத பம்ப்பை நம்பி ஆயில் கலக்காமல் கிளம்பினால் பிஸ்டன் இறுகிவிடும். இன்னொன்று, பங்க்கில் இன்று கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1980-களின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிரேக்கைக் கடைசியில் சொல்கிறேன். வாங்கியவுடன் முதலில் செலவழிக்க வேண்டியது அதில்தான். குரோம் பூச்செல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தினமும் ஆபீஸ் போக உங்களிடம் இருக்கப்போவது இந்த ஒரே வண்டிதான் என்றால், முதல் பைக்கை எடுங்கள். பஸ் இருக்கிறது, ஸ்கூட்டர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் இது என்றால், மனசு சொல்வதைக் கேட்பதில் தப்பே இல்லை.

அரசாங்கத்துக்கும் இந்த மாதிரி மனசு உள்ளவர்கள் இருப்பது தெரியும். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை ‘வின்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்யலாம் என 2021-ல் விதி வந்தது. ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் உண்டு. 1983-ல் பதிவான ராஜ்தூத் 350-க்கு அந்த யோகம் 2033-ல்தான். அதுவரை மற்ற பழைய வண்டிகளைப் போலவே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் நிற்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆயிற்று, அதன் பிறகும் ஏறியிருக்கிறது. போகும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழை மறக்காதீர்கள். வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, ‘‘எவ்வளவு கொடுக்குது?’’ என்று கேட்பார். வானத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.