ஊரின் நாவும் ஊரின் காவலும்
கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களை முன்வைத்துச் சொற்கட்டுப்பாடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தில் எவை பேசப்படலாம், எவை பேசப்படலாகாது என்பதை வரையறுக்கும் உரிமை எவரிடம் உள்ளது என ஆராய்வோமாயின், அச்சமுதாயத்தின் அதிகார அமைப்பு முழுவதும் நமக்குப் புலனாகிவிடும். தணிக்கை பற்றி இலங்கையில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அரசு விதித்த தடைகளைப் பற்றியனவே. ஆயின், சொல்லைக் கட்டுப்படுத்துவது அரசு மட்டுமன்று. அரசு தோன்றுமுன்னரே ஊர் அதனைச் செய்து வந்துள்ளது. அண்மைக் காலத்திலோ கடல் கடந்து இயங்கும் சமூக ஊடக நிறுவனங்களும் அதனைச் செய்யத் தலைப்பட்டுள்ளன. ஊர், அரசு, நிறுவனம் என்னும் இம்மூன்று காவலும் ஒரே மக்கள்மீது ஒருங்கே கவிந்த இடமாகக் கிழக்கிலங்கையின் கரையோரம் விளங்குகின்றது. அங்கு நிகழ்ந்தவற்றை நிரல்படுத்தி நோக்கி, பயனாளரே விதி வகுத்து ஆளும் ஊடகங்கள் பற்றி இன்று எழுந்துள்ள வினாவுக்கு அவ்வரலாறு தரும் விடையாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊரும் பள்ளியும்

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீண்டு செல்லும் இவ்வூர்கள், ஒருபுறம் கடலையும் மறுபுறம் வயல் வெளியையும் எல்லைகளாகக் கொண்டவை. உழவும் மீன்பிடியும் நெசவும் வாணிகமுமே இவற்றின் வாழ்வாதாரங்கள். 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாக வகுக்கப்படும்வரை இவை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. கல்லோயாத் திட்டத்தின் விளைவாக உள்நாட்டில் வளர்ந்த அம்பாறை நகரம் சிங்கள மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். கரையோரமோ தமிழ் பேசுவது. மாவட்டத்தின் இவ்விரு மொழி நிலையை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வூர்களின் சமூக அமைப்பில் தாய்வழிக் குடிமுறை முதன்மையானது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் உண்டு. குடிகளின் சார்பில் மரைக்காயர் கூடிப் பள்ளிவாசலை நிருவகிப்பதும், ஊரில் எழும் பிணக்குகளை விசாரித்து இணக்கம் காண்பதும் நெடுங்கால மரபு. 1956ஆம் ஆண்டின் வக்பு சட்டம் நம்பிக்கையாளர் சபைகளைச் சட்டத்தின் வரம்புக்குள் கொணர்ந்தபோதிலும், குடிவழிப் பிரதிநிதித்துவம் என்னும் எண்ணம் முற்றாக அற்றுப்போகவில்லை.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இவ்வமைப்பின் நாவாகும். தொழுகைக்கான அழைப்பு மாத்திரமன்றி, மௌத்துச் செய்தி, ஜனாஸா நல்லடக்க நேரம், பெருநாட் பிறைச் செய்தி ஆகியனவும் அதன்வழியே ஊரை அடைந்தன. அதில் எதனை அறிவிக்கலாம், எதனை அறிவிக்கலாகாது என எழுதிவைத்த விதி பெரும்பாலும் இருந்ததில்லை. ஆயினும் விதி இருந்தது. பொய்யான மௌத்துச் செய்தியை அறிவித்தவன் மறுநாளும் அதே வீதியில் நடந்தாக வேண்டும். சொன்னவன் இன்னான், அவன் இன்ன குடியினன், அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்பது அனைவர்க்கும் தெரியும். ஊர்க்கட்டுப்பாட்டின் வலிமை தண்டனையில் இருந்ததைக் காட்டிலும் இந்த அறிமுகத்திலேயே இருந்தது எனலாம்.

எனினும், இவ்வமைப்பைப் பொற்காலமாகக் காட்டுதல் வரலாறாகாது. குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் பெண்ணுக்குரியன. ஆயின் குடியின் பெயரால் கூடும் சபையிலோ பெண்ணுக்கு இடமிருக்கவில்லை. நிலவுடைமையாளரான போடியாரின் குரல் ஓங்கியும் வயற்கூலியின் குரல் தாழ்ந்தும் ஒலித்தன. ஊர் பேசியது என்பதற்கு, ஊரில் ஒரு பகுதியினர் பேசினர் என்பதே பொருள்.

2. அரசின் தணிக்கை

அச்சு இயந்திரத்தின் வருகையோடு அரசின் கண்ணும் சொல்லின்மேல் விழுந்தது. 1839ஆம் ஆண்டிலேயே பத்திரிகைகள் பற்றிய கட்டளைச்சட்டம் இலங்கையில் இயற்றப்பட்டது. மு. கா. சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியபோது, இலங்கை முஸ்லிம்கள் தம் குறைகளைத் தம் மொழியிலேயே அச்சில் விவாதிக்கும் காலம் பிறந்தது. அதுவரை ஊருக்குள் அடங்கியிருந்த பேச்சு ஊர் கடந்து சென்றமை ஒரு திருப்புமுனையாகும்.

1947ஆம் ஆண்டின் பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் அவசரகால விதிகளின்மூலம் பத்திரிகைகளைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தை ஆட்சியாளர்க்கு அளித்தது. 1958ஆம் ஆண்டின் வன்செயல்களின்போது அவ்வதிகாரம் பயன்படுத்தப்பட்டது. 1973இல் பத்திரிகைச் சபைச் சட்டம் நிறைவேறியது; அதே ஆண்டிலே லேக் ஹவுஸ் நிறுவனம் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1974இல் ‘தினபதி’யை வெளியிட்டு வந்த நிறுவனம் மூடி முத்திரையிடப்பட்டது. போர்க்காலத்தில் 1998இலும் 2000இலும் படைத்துறைச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது.

இத்தணிக்கைகள் கண்டிக்கத்தக்கனவே. ஆயினும் அவற்றில் ஓர் இயல்பு குறிப்பிடத்தக்கது. தடைசெய்தவர் யார், எச்சட்டத்தின்கீழ்த் தடைசெய்தார் என்பன வெளிப்படையாக இருந்தன. நீக்கப்பட்ட பகுதியை வெறுமையாக விட்டு வெளிவந்த பத்திரிகைகளும் உண்டு. அந்த வெற்றிடமே வாசகனுக்கு ஒரு செய்தியாயிற்று. இங்கு ஏதோ மறைக்கப்பட்டுள்ளது என்பதையாவது அவன் அறிந்தான். பிற்காலத்தில் இந்த அறிவும் அவனுக்கு மறுக்கப்பட்டது.

3. அம்பாறை, 2018

2018 பெப்ரவரி 26ஆம் நாள் இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குரிய உணவகம். கறியில் ஏதோ கட்டியாகக் கிடந்ததைக் கண்ட வாடிக்கையாளர் சிலர், அது கருவளத்தை அழிக்கும் மாத்திரை எனக் குற்றஞ்சாட்டிக் காசாளரைச் சூழ்ந்துகொண்டனர். சிங்கள மொழியில் போதிய பயிற்சியில்லாத அவர், வினாவின் பொருளை விளங்காமலும் அச்சத்தாலும் ஆம் என்பதுபோல விடையிறுத்தார். அக்காட்சி ஒளிப்பதிவாகி முகநூலில் பரவியது. அன்றிரவே உணவகமும் பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன.

அக்கட்டி வெறும் மாவுப்பொருளே என அரசாங்கப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பின்னர் அறிவித்தது. உணவில் கலந்து கொடுப்பதால் ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. ஆயின் உண்மை வெளிவருமுன் பொய் கண்டியை அடைந்துவிட்டது. தெல்தெனியாவில் தாக்குதலுக்குள்ளான சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் நாள் உயிரிழந்ததைத் தொடர்ந்து, மார்ச் 5ஆம் நாள் திகனையில் வன்செயல் மூண்டது. மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டன. முகநூல் மீதான தடை மார்ச் 15இலேயே நீங்கியது.

சமூக ஊடகங்களிற் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி எவரும் எச்சரிக்கவில்லையோ எனின், எச்சரித்திருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே முகநூலில் நிலவிய வெறுப்புப் பேச்சை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. பயனாளர் அளித்த முறைப்பாடுகளைப் படித்தறியச் சிங்களமும் தமிழும் தெரிந்த மதிப்பீட்டாளர் நிறுவனத்திடம் போதியளவில் இருக்கவில்லை. 2018இல் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்கு அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. இரண்டாண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு எரிந்த கடையைக் கட்டித் தராது.

இங்கே நாம் காண்பது இருவகைத் தவறு. விதி எழுதியவர்க்கு மொழி தெரியவில்லை. மொழி தெரிந்தவர்க்கு விதி எழுதும் உரிமையில்லை. இறுதியில் அரசு செய்ததோ வாயை முழுவதும் பொத்துதலாகும். பொய்யைப் பரப்பியோரும், அது பொய் எனக் கூற முயன்றோரும், உறவினரின் நலம் வினவியோரும் ஒருங்கே ஊமையாக்கப்பட்டனர்.

4. மிம்பரும் திரையும்

கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள காத்தான்குடியின் அனுபவம் இப்பொருளின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. தீவிரப் போதனை செய்துவந்த ஸஹ்ரான் ஹாஷிமைப் பற்றி அவ்வூர் முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2017 மார்ச் 10ஆம் நாள் சூபி வழியினரோடு நிகழ்ந்த மோதலின்பின் அவர் ஊரைவிட்டுத் தலைமறைவானார். ஊரின் மிம்பர் அவருக்கு அடைபட்டது. முகநூலும் யூரியூப்பும் திறந்தே இருந்தன. ஊர் மறுத்த மேடையைவிடப் பெரிய மேடையை, ஊரே இல்லாத ஓரிடம் அவருக்கு அளித்தது. விளைவை 2019 ஏப்ரல் 21ஆம் நாள் நாடு முழுவதும் கண்டது. ஐந்து நாள்களின்பின் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த அவருடைய உறவினர் குழுவினரைப் பற்றி ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் ஊர்மக்களே. அந்நாள்களில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருந்தன என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஊரின் கண் அப்போதும் திறந்திருந்தது.

இதுகொண்டு ஊர்க்கட்டுப்பாடே சாலச் சிறந்தது என முடிவுசெய்வோமாயின் தவறிழைப்போம். அதே காத்தான்குடியில் சூபி அறிஞர் அப்துர் ரவூப் மௌலவியை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 1979இல் மார்க்கத்தைவிட்டு வெளியேறியவராக அறிவித்தது. 2006இல் வேறொரு சூபித் தலைவரின் உடல் புதைகுழியிலிருந்து தோண்டியெடுக்கப்பட்டது. ஏறாவூரைச் சேர்ந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் 2012இல் பிபிசி தமிழோசைச் செவ்வியொன்றிற் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குதல் பற்றிக் கூறிய கருத்துக்காக அச்சுறுத்தப்பட்டார்; 2015இல் அவர் கொல்லப்பட்டார் என்னும் பொய்ச்செய்தியே இணையத்திற் பரப்பப்பட்டது. ஸஹ்ரானைத் தடுத்த ஊருக்கும், எழுத்தாளரை அச்சுறுத்திய ஊருக்கும் இடையே வேறுபாடு காணத் தெரிதல் வேண்டும். முன்னையது உயிருக்குத் தீங்கு விளைக்கும் சொல்லைத் தடுத்தல். பின்னையது பெரும்பான்மையினர்க்கு உவப்பில்லாத சொல்லை ஒடுக்குதல். இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையொன்றை ஊர் தனக்கென எழுதிவைக்கவில்லை. அதுவே அதன் பெருங்குறை.

5. மொழியறியாத் தணிக்கை

மன்னார்ப் பகுதியைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2017இல் ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 2020 மே மாதத்தில் அவர் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ்க் கைதானார். வன்முறையைக் கண்டித்த கவிதைகளும் அந்நூலில் இருந்தன. ஆயினும் தமிழறியாதோரின் வாசிப்பில் அவை தீவிரவாதமாகத் தோன்றின. ஒன்றரை ஆண்டுக்கு மேலாகத் தடுத்து வைக்கப்பட்ட அவரை 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுதலை செய்தது.

அம்பாறைக் காசாளரின் ஒரு சொல்லும் இக்கவிஞரின் ஒரு நூலும் ஒரே விதிக்குள்ளாயின. இரண்டும் அவற்றின் மொழியிலே வாசிக்கப்படவில்லை. 2024இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஐவரைக் கொண்ட ஆணைக்குழுவொன்றுக்கு இணையச் சொற்களை ஆராயும் அதிகாரத்தை அளித்தபோது, இந்த அனுபவங்களே அச்சத்தைத் தோற்றுவித்தன. பொய்யெது என முடிவுசெய்வோர் அச்சொல்லின் மொழியையும் இடத்தையும் அறிந்தோரா என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

6. பயனாளர் ஆளும் தளங்கள்

நிறுவனத்தின் விதியும் அரசின் விதியும் தவறியவிடத்து, பயனாளரே விதி வகுத்து ஆளும் தளங்கள் மூன்றாம் வழியாக முன்வைக்கப்படுகின்றன. 2016இல் தோன்றிய மஸ்டொடோன் போன்ற வலையமைப்புகளில் ஒவ்வொரு வழங்கியும் தன் விதியைத் தானே வகுத்துக்கொள்கின்றது. தமிழில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் போன்றோரின் உழைப்பால் 2003 முதல் வளர்ந்த தமிழ் விக்கிப்பீடியா. அங்கே நிருவாகிகளைப் பயனாளரே தெரிவுசெய்கின்றனர். ஒரு வரியை நீக்கியவர் யார், எப்போது நீக்கினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் எவரும் காணக் கிடக்கின்றது. உரையாடற் பக்கத்தில் மறுப்புரைக்கவும் வழியுண்டு. பழைய பத்திரிகையின் வெற்றிடம் வாசகனுக்கு அறிவித்ததை, இப்பக்கம் இன்னும் தெளிவாக அறிவிக்கின்றது.

இதனை மரைக்காயர் சபையோடு ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. தீர்ப்போர் அறிமுகமானோர், அவர்க்கு மொழி தெரியும், இடமும் தெரியும். இவை இரண்டுக்கும் பொதுவான நலன்கள். உள்ளூர்ப் பெரும்பான்மையின் அழுத்தம் இரண்டுக்கும் பொதுவான ஆபத்து. சிறுகுழு ஒன்று நிருவாகத்தைக் கைப்பற்றிவிடின், புதிய தளமும் பழைய போடியாரின் முற்றமாகிவிடும். இன்று ஊர்தோறும் இயங்கும் வட்ஸ்அப் குழுக்களில் நிருவாகியின் ஒரு விரலசைவால் ஒருவர் நீக்கப்படுகின்றார். காரணம் கேட்க அங்கே சபையும் இல்லை, வரலாற்றுப் பக்கமும் இல்லை. ஊர்க்கட்டுப்பாட்டின் கடுமை அங்கே எஞ்சியுள்ளது. அதன் விசாரணை மரபு எஞ்சவில்லை.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், நேர்மையான சொற்கட்டுப்பாட்டுக்கு இன்றியமையாதன நான்கு எனலாம். விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். தீர்ப்போர் அச்சொல்லின் மொழியை அறிந்திருத்தல் வேண்டும். நீக்கப்பட்டமை மறைக்கப்படாதிருத்தல் வேண்டும். தீர்ப்புக்கு எதிராக முறையிட, அவ்வூர்ப் பெரும்பான்மைக்கு அப்பாற்பட்ட ஓரிடம் இருத்தல் வேண்டும். ஊருக்கு மொழி இருந்தது, முறையீடு இல்லை. அரசுக்கு எழுதிய விதி இருந்தது, மொழி இல்லை. நிறுவனத்துக்கு மொழியும் இல்லை, வெளிப்படைத்தன்மையும் இல்லை.

அம்பாறை உணவகத்தில் அன்றிரவு நின்ற காசாளருக்குத் தேவைப்பட்டது பெரிய சட்டமன்று. அவர் சொன்னதை அவர் மொழியிற் கேட்டு, இது அதன் பொருளன்று எனக் கூறுவதற்கு ஒருவர் போதும். அந்த ஒருவரை எங்கே நிறுத்துவது என்பதே இன்று ஊடக விதி வகுப்போர் அனைவர்முன்னும் உள்ள வினா. அவ்வினாவுக்கு விடை காணும்வரை, நம் கரையோர ஊர்களின் நாவுக்குக் காவல் இருக்கும், காப்பு இராது.