ஒரு கேசட் போன தூரம்

'டார்க் ஸ்டார்' படத்தில் வேற்றுக்கிரக ஜந்துவாக நடித்திருப்பது ஒரு கடற்கரைப் பந்து. பெயிண்ட் அடித்து, அடியில் இரண்டு பாதங்களை மாட்டி, விண்கலத்துக்குள் துள்ளவிட்டிருப்பார்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஜான் கார்ப்பென்டர், டேன் ஓ'பேனனோடு சேர்ந்து சொற்பக் காசில் தொடங்கிய படம் அது. 1974இல் வெளிவந்தபோது காமெடி எடுபடவில்லை. சிரிக்காதவர்களைப் பயமுறுத்தியாவது பார்ப்போம் என்று ஓ'பேனன் அதே கருவை வேறு மாதிரி எழுதினார். அதுதான் 1979இல் வந்த 'ஏலியன்'. 'ஏலியன்' உலகத்தைச் சுற்றியது. பந்து நடித்த படம் வாடகைக் கேசட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

விஎச்எஸ் கேசட்டை ஜேவிசி நிறுவனம் 1976இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. மறு வருடம் அது அமெரிக்காவுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்கிய கேசட்டை யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம், படக் கம்பெனியைக் கேட்க வேண்டியதில்லை என்பது அந்த ஊர்ச் சட்டம். கம்பெனிகளுக்கு வயிற்றெரிச்சல். வாடகையில் பங்கு வராததால் கேசட் விலையை 80 டாலர் வரை ஏற்றிவைத்தன. கடைக்காரர் போட்ட காசை எடுக்க ஒரே கேசட் திரும்பத் திரும்ப வாடகைக்குப் போக வேண்டும்.

தெருவுக்குத் தெரு கடை முளைத்தபோது, ராக்கை நிரப்பும் அளவுக்குப் பெரிய படங்கள் கேசட்டில் வரவில்லை. அந்தச் சந்தில் நுழைந்தவைதான் பேய்ப் படங்களும் ரத்தப் படங்களும் நிஞ்ஜாப் படங்களும். இவற்றுக்கு ஸ்டார் வேண்டாம், விமர்சனம் வேண்டாம். அட்டைப்படம் மிரட்டினால் போதும். விசார்ட் வீடியோ என்ற கம்பெனி, ராக்கில் தனித்துத் தெரியட்டும் என்று அட்டைப்பெட்டியையே பெரிதாக்கியது. கேனன் பிலிம்ஸ், படம் தயாராகும் முன்பே போஸ்டரைக் காட்டி உரிமைகளை விற்றது. பெட்டிக்கு வெளியே இருக்கும் ராட்சசன் பல சமயம் உள்ளே இருக்கமாட்டான் என்பது வாடிக்கையாளருக்கும் தெரியும். தெரிந்தேதான் எடுத்துப்போவார்.

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில், மான்ஹட்டன் பீச்சின் செபுல்வேடா சாலையில் இருந்தது 'வீடியோ ஆர்க்கைவ்ஸ்' கடை. 1980களில் அங்கே கவுண்டரில் நின்ற பையன்கள் க்வென்டின் டாரன்டினோவும் ரோஜர் ஏவரியும். வருகிறவரின் மூஞ்சியைப் பார்த்து, போன வாரம் என்ன எடுத்தார் என்று யோசித்து, 'இதைப் பாருங்கள்' என்று எடுத்து நீட்டுவதும் அந்த வேலையில் சேர்த்தி. கடையின் டிவியில் எப்போதும் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்து வாக்குவாதமும் ஓடும். 1995இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' கதைக்காக இருவரும் ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார்கள். அதைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள்; நாம் கேசட்டுக்கே வருவோம்.

வீடியோ டெக்குக்குள் கேசட்டைத் தள்ளினால் முன்பக்கத்து மூடி தூக்கிக்கொள்ளும். உள்ளிருந்து அரை அங்குல நாடா வெளியே இழுக்கப்பட்டு, சற்றே சாய்ந்து சுழலும் உருளையைச் சுற்றிக்கொள்ளும். அமெரிக்க டெக்கில் அந்த உருளை நிமிடத்துக்கு 1,800 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாடா உரசுகிறது. பாஸ் பட்டனை அமுக்கினால் நாடா நின்றுவிடும், உருளை நிற்காது. அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே, வாடகைக் கேசட்டில் எந்த இடத்தில் படம் அதிகம் கோடு போடுகிறதோ, அந்தக் காட்சியை ஊரே நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். அது எந்த மாதிரிக் காட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

1990களின் நடுவில் 'வீடியோ ஆர்க்கைவ்ஸ்' கடை மூடியது. சரக்கை டாரன்டினோ வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். மற்ற கடைச் சரக்குகளின் தலையெழுத்து விதவிதமானது. நியூயார்க்கின் 'கிம்ஸ் வீடியோ'வில் இருந்த சுமார் 55,000 படங்கள் சிசிலித் தீவின் சலேமி ஊருக்குக் கப்பலேறி, பல வருடம் முடங்கிக் கிடந்து, 2022இல் நியூயார்க்குக்கே திரும்பின. யேல் பல்கலைக்கழக நூலகம் 2015இல் சுமார் 2,700 கேசட்டுகளை வாங்கியது. பெரும்பாலும் பேய், கொலை, மட்டரகம்.

2022 ஜூலையில் டாரன்டினோவும் ஏவரியும் 'வீடியோ ஆர்க்கைவ்ஸ் பாட்காஸ்ட்' தொடங்கினார்கள். ஏவரியின் மகள் காலாவும் உடன் பேசுகிறார். பழைய கடைச் சரக்கிலிருந்து கேசட்டை எடுத்து, கேசட்டாகவே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். முதல் நாள் எடுத்த கேசட்டுகளில் ஒன்று 'டார்க் ஸ்டார்'. இன்னொன்று ஆண்டி வார்ஹோல் தலைகாட்டும் 'கோகெய்ன் கவ்பாய்ஸ்'.

அகலத்திரைப் படத்தை டிவிக்காக வெட்டிச் சுருக்கியபோது ஓரங்களில் இருந்தவர்கள் காணாமல் போனார்கள்; நிறமும் வெளுத்தது. அப்படியிருக்க, எதற்குக் கேசட் என்று கேட்கலாம். சில படங்கள் கேசட்டைத் தாண்டி டிவிடிக்கே வரவில்லை என்பது ஒரு பதில். அன்று ரசிகன் கண்டது இந்த வெட்டுப்பட்ட படத்தைத்தான் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.

டாரன்டினோ வாயைத் திறந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால் மட்டமான படங்களைக் கேலி செய்தே 2010 முதல் ஓடும் 'ஹவ் டிட் திஸ் கெட் மேட்?' பாட்காஸ்டின் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் புரியும். கேலி சுலபம், சிரித்தும் விடுவோம். இவர்களோ ஒரு மூன்றாந்தரப் படத்தின் ஒளிப்பதிவாளர் அதற்கு முன் என்ன செய்தார் என்று வரிந்துகட்டிப் பேசுகிறார்கள். கவுண்டர் பேச்சு அப்படியே மைக்குக்கு வந்திருக்கிறது. எதிரில் நின்று மறுத்துப் பேசும் வாடிக்கையாளர்தான் இல்லை.

கேசட்டுக்கு முன்பே தீர்ந்துபோகப் போவது டெக். கடைசிவரை அதைத் தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டுப் பரணிலும் கல்யாணக் கேசட் இருந்தால் இன்றே இறக்கிப் பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போட்டுவிடாதீர்கள். அது டெக்கையும் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, கோப்பாக மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.