நிறுத்தாமல் வேவு பார்ப்பது

எங்க மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓட ஆரம்பித்தது. அந்த மாதிரி ஆலையில் குழாய்க்குள் என்ன போகிறது என்று பார்க்க மொத்த ஆலையையும் நிறுத்த மாட்டாங்க. ஓடும்போதே ஒரு வால்வைத் திறந்து சாம்பிள் பிடிப்பாங்க. ஓடுகிற மென்பொருளுக்கும் அப்படி ஒரு வால்வு வைக்க லினக்ஸுக்குப் பல வருஷம் பிடித்தது. அதை வைத்ததில் இந்தியப் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய வழி பிட்ரேஸ். 1975-ல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இருக்கிறது. ஒரு ப்ராசஸ், கெர்னலிடம் சொல்லி இன்னொன்றை நிறுத்தி, அதன் மெமரியைப் படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். டீபக்கர், எஸ்ட்ரேஸ் எல்லாம் இதை நம்பித்தான். ஆனால் எஸ்ட்ரேஸ் போட்டால், ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இரண்டு முறை நிற்கும்: நுழையும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று. ஒவ்வொரு முறையும் கண்காணிப்பவரை எழுப்பி, அவர் பார்த்து, "சரி, போ" என்று சொல்ல வேண்டும். பிஸியான சர்வர் நொண்டி அடிக்கும். போதாததுக்கு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும்.

மாற்று வழி கேப்ரோப்ஸ். பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு பிரேக்பாயிண்ட் கட்டளையை எழுதிவிடுவார்கள். அதில் இடித்ததும் கெர்னலுக்குள்ளேயே ஒரு ஃபங்ஷன் ஓடும், பிறகு அசல் கட்டளை ஓடும், வேலை தொடரும். வேறு ப்ராசஸ் எதையும் எழுப்ப வேண்டாம். இது 2004 அக்டோபரில் லினக்ஸ் 2.6.9-ல் சேர்ந்தது. அந்த சோர்ஸ் கோப்பின் தலைப்பிலேயே ஐபிஎம் இந்தியாவின் வம்சி கிருஷ்ணா, சுபர்ணா பட்டாச்சார்யா, பிரசன்னா பஞ்சமுகி பெயர்களைப் பார்க்கலாம்.

ஆனால் இது கெர்னலுக்கு மட்டும். நாம எழுதுகிற சாதாரண ப்ரோகிராமுக்கு? அதுக்குத்தான் யூப்ரோப்ஸ். ஐபிஎம்மின் ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஜிம் கெனிஸ்டனும் எழுதியது. முதலில் யுட்ரேஸ் என்ற அடித்தளத்தின் மேல் கட்டினார்கள். யுட்ரேஸையே கெர்னலில் சேர்க்கவில்லை! விட்டுவிடாமல், ப்ராசஸை விட்டுக் கோப்பைப் பிடிக்கிற மாதிரி திருப்பி எழுதினார்கள். கோப்பில் ஒரு இடத்தைக் குறித்தால் போதும், அதை ஓட்டுகிற எல்லா ப்ராசஸிலும் பார்க்கலாம். 2012 ஜூலையில் லினக்ஸ் 3.5-ல் அது சேர்ந்தது. கேப்ரோப்ஸுக்குப் பிறகு கிட்டத்தட்ட எட்டு வருஷம்.

பிட்ரேஸ் செத்துப்போகலை. நிறுத்தி, மாற்றி, கட்டுப்படுத்த இன்னும் அதுதான். ஆனால் பார்க்க மட்டும் போதும் என்றால் நிறுத்தத் தேவையில்லை. இன்னைக்கு ஓடுற சர்வரில் பிபிஎஃப்ட்ரேஸ் போட்டு ஒரு ஃபங்ஷனை எட்டிப் பார்க்கிறீங்கன்னா, அடியில் வேலை செய்வது இந்த இரண்டு வால்வுகளும்தான்.