பத்து வருச வேலைக்குப் பிறகும் பரீட்சையா?

எங்களில் ஒருத்தியின் அக்கா பத்து வருசமாக மென்பொருள் பொறியியலாளர். இப்போது சீனியர் வேலை ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகிறார். பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு, இரவு பதினொரு மணிக்குப் புதிர்க் கணக்குகளோடு இருக்கிறார். "வேலையில ஒருநாளும் வராத கணக்கு. ஆனா இதைத்தான் முதல்ல கேப்பினம்" என்றார். ஏன் இப்படி? கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்கள் வரலாற்றைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தோம்.

1945இல் எனியாக் கணினிக்கு நிரல் அமைக்க அமெரிக்க இராணுவம் தெரிவுசெய்தது ஆறு பெண்களை. பீரங்கிக் குண்டு போகும் பாதையை அதுவரை கையால் கணித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். செய்த வேலையிலிருந்தே அடுத்த வேலைக்குப் போனார்கள்.

ஐம்பதுகளில் கணினிகள் பெருகின, ஆட்கள் போதவில்லை. 1955இல் ஐபிஎம் ஒரு உளச்சார்புப் பரீட்சையை உருவாக்கியது. எண் தொடர், உருவ ஒப்புமை, கணக்கு: கிட்டத்தட்ட எங்கட புலமைப்பரிசில் வினாத்தாள்தான்! ஆட்களைச் சலித்தெடுக்க அது வசதி. ஆனால் அதில் கூடப் புள்ளி எடுத்தவர் வேலையிலும் கெட்டிக்காரர் என்று ஆய்வுகளால் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

1966இல் கனன், பெரி என்ற இரு உளவியலாளர்கள், நிரலாளருக்குப் புதிர் பிடிக்கும், மனிதரோடு நெருங்கிப் பழகுவது பிடிக்காது என்று எழுதினார்கள். கம்பனிகள் அந்தச் சாயலிலேயே ஆட்களைத் தேடின. தேடத் தேட அப்படிப்பட்ட ஆண்களே இந்தத் துறையை நிரப்பினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் நேதன் என்ஸ்மெங்கர். வாசலில் வைத்த பரீட்சை, உள்ளே இருப்பவர்களின் முகத்தையே மாற்றிவிட்டது.

தொண்ணூறுகளில் மைக்ரோசொஃப்ட் "மேன்ஹோல் மூடி ஏன் வட்டம்?" என்று கேட்டுப் பேரெடுத்தது. இந்த வகைப் புதிர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று 2013இல் கூகிளின் ஆளணித் தலைவர் லாஸ்லோ பொக்கே ஒப்புக்கொண்டார். புதிர் போனது, வைட்போர்ட்டில் நிரல் எழுதும் பரீட்சை நிலைத்துவிட்டது. ஹோம்ப்ரூ என்ற பிரபல மென்பொருளை உருவாக்கிய மக்ஸ் ஹவல், அப்படி ஒரு கேள்விக்கு விடை எழுத முடியாததால் கூகிள் தன்னை நிராகரித்ததாக 2015இல் எழுதினார்.

இன்றைய சீனியர் நேர்முகங்களில் பெரிய அமைப்பொன்றை வடிவமைக்கச் சொல்வதும், அனுபவத்தைப் பற்றிக் கதைப்பதும் உண்டு. ஆனால் அந்தச் சுற்றுக்குப் போக முதலில் புதிரைத் தாண்ட வேண்டும். அதற்குப் பழக நேரம் வேண்டும். பிள்ளை, சமையல், வயதான பெற்றோர் என்று இருப்பவருக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

"உங்களிட்ட உண்மையிலேயே என்ன கேக்கவேணும்?" என்று அக்காவைக் கேட்டோம்.

"நான் விட்ட பிழையளை. சேர்வர் விழுந்த இரவு என்ன செய்தன், புதுசா வந்த பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லிக்குடுத்தன் எண்டு."

பத்து வருசம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தான். ஆளை அளக்க முதல், எதை அளக்கிறோம் என்று கேட்பது நியாயம்தானே?