மருந்தின் அளவும் யானையின் அழிவும்

மன்னார் என்றதும் முத்துக்குளிப்பும் மாந்தைத் துறையும் திருக்கேதீச்சரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. தீவைக் கடந்து பெருநிலத்திற் கால்வைப்போர்க்கோ மாந்தை, முசலி, மடு ஆகிய பகுதிகளின் காடுகள் வேறொரு வரலாற்றைக் கூறி நிற்கின்றன. அது யானையின் வரலாறு. அதனோடு பின்னிப் பிணைந்த துவக்கின் வரலாறுமாகும். வேட்டைத் துவக்கொன்றுக்கு உரிய மருந்தளவைக் கண்டறிதல் என்னும் நுண்கலை இக்காடுகளின் வாழ்வை எவ்வாறு தொட்டது என்பது ஆராயத்தக்கது.

பிரித்தானியர் வருகைக்கு முன்னர், உயிருள்ள யானைக்கே விலை இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிச் சிற்றரசர் தம் திறையை யானைகளாகவே செலுத்தினர். அவை யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. யானை பிடித்தலைக் குலத்தொழிலாகக் கொண்ட பணிக்கர், வடக்கு, வடகிழக்குப் பகுதிகளின் முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்தனர். தோற்கயிற்றுச் சுருக்கை யானையின் பின்னங்காலில் மாட்டி மரத்தோடு பிணைக்கும் அவர்தம் திறனைச் சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் வியந்து எழுதியுள்ளார். யானை இறப்பின் பணிக்கருக்குப் பயனில்லை. ஆகவே அவர்தம் தொழிலறிவு அனைத்தும் விலங்கை உயிரோடு காப்பதையே நோக்கியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை தலைகீழாயிற்று. பயிர்களை அழிக்கும் விலங்கெனக் கருதப்பட்ட யானையைக் கொல்வோர்க்குத் தலைக்குச் சில சிலிங் வீதம் அரசு வெகுமதி வழங்கியது. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்துள், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு இவ்வெகுமதி கோரப்பட்டதாகத் தெனன்ற் குறிப்பிடுகின்றார். 1833இல் அமைக்கப்பட்ட வடமாகாணம் அக்காலத்தில் மன்னாரோடு நுவரகலாவியவையும் உள்ளடக்கிப் பரந்திருந்தது. அனுராதபுரத்தைத் தலைநகராகக் கொண்ட வடமத்திய மாகாணம் பிரிந்தது 1873இலேயாம். எனவே மேற்படி தொகை முழுவதையும் மன்னாருக்கு உரியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் மன்னார்க் காடுகள் அடங்கிய நிலப்பரப்பில் நிகழ்ந்த அழிவின் பருமனை அது உணர்த்துகின்றது.

அக்காலத் துவக்குகள் வாய்வழி மருந்திடப்படுவன. வன்னி மக்கள் இவ்வகையை 'இடியன் துவக்கு' என வழங்கினர். கரிமருந்தைக் குழலில் இட்டு, அடைப்பை இடித்திறுக்கி, ஈயக்குண்டைச் செலுத்தவேண்டும். ஏறத்தாழ 75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்ததே கரிமருந்து. ஒவ்வொரு வெடிக்கும் மருந்தை அளப்பவன் வேட்டைக்காரனே. அளவு குறையின் குண்டு தாழ்ந்து விழும். மண்டையோட்டின் தடித்த என்பைத் துளைக்காது. அளவு மிகின் குழலுக்கும் தோளுக்கும் கேடு. குண்டும் குறிவழி செல்லாது.

இவ்வளவைக் கணக்கிட்டு அமைக்க முயன்றோருள் சாமுவேல் பேக்கர் குறிப்பிடத்தக்கவர். 1840களின் நடுப்பகுதியில் இலங்கை வந்து, நுவரெலியாவிற் குடியேறி, 1855இல் நாடு திரும்பிய இவ்வாங்கிலேயர், அரிப்புக் கரையோரத்தை மணலும் முட்புதரும் மண்டிய பாழ்நிலமாகத் தம் நூலொன்றில் வருணித்துள்ளார். 1840இல் அவர் வரைந்த திட்டத்தின்படி பிறிஸ்டல் நகரக் கிப்ஸ் என்பார் ஒற்றைக்குழல் துவக்கொன்றைச் செய்தளித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். குண்டின் நிறை 3 அவுன்சு. மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்சு. குண்டின் நிறையில் மூன்றிலொரு பங்கு மருந்து என்பது அக்கால வழக்குக்கு மிகப் பெரிய அளவாகும்.

இவ்வளவைத் தாங்குவதற்கு ஏனைய உறுப்புகளும் மாறவேண்டியிருந்தன. சுரிகுழலின் வரிப்பள்ளங்கள் விரைந்து முறுகிச் சென்றால், மிகுந்த மருந்தின் வேகத்தில் மெல்லிய ஈயக்குண்டு பள்ளத்தைப் பற்றாது வழுக்கிவிடும். ஆதலின் 36 அங்குல நீளத்துள் ஒரே சுற்று வருமாறு ஆழமான இரு பள்ளங்கள் வெட்டப்பட்டன. அவற்றிற் பொருந்துமாறு குண்டைச் சுற்றி ஒரு வரம்பு அமைக்கப்பட்டது. பின்னுதைப்பைத் தணிக்கத் துவக்கின் பெருநிறை உதவிற்று. மருந்து, குண்டு, குழல் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இயைந்தபோதே குறி தவறாமை கைகூடும் என்பது இங்குப் புலனாகின்றது.

வேறிடத்திற் கண்ட அளவு கடலோரத்தில் அப்படியே பயன்படும் என்பதற்கும் உறுதியில்லை. கரிமருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. நனைந்த மருந்து மந்தமாக எரியும். எரிந்தபின் அதன் நிறையிற் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகவும் புகையாகவும் எஞ்சும். அக்கழிவு குழலிற் படிந்தால் அடுத்த குண்டு இறுகும், குறி மாறும். ஆகவே மருந்தை உலர்வாகப் பேணி, குழலைத் துடைத்து, ஒரே தூரத்திற் பலமுறை சுட்டு, குண்டுகள் நெருங்கி விழும் அளவைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். உலோகத் தோட்டாக்கள் பரவிய பின்னரும், வெற்றுத் தோட்டாவிற்குத் தம் கையால் மருந்திடுவோர் கையாண்டு வந்த முறை இதுவே.

இம்முயற்சியில் அறவுணர்வு அறவே இல்லை எனக் கூறுவதற்கில்லை. அளவு தவறிய வெடி யானையைக் கொல்லாது, புண்படுத்தும். புண்பட்ட யானை நீடித்து வருந்துவதோடு வழிப்போக்கருக்கும் உழவருக்கும் கூற்றாகவும் மாறும். ஒரே குண்டில் உயிர் நீங்குமாறு செய்தல் வேட்டையாடுவோன் விலங்குக்குச் செய்யும் குறைந்தபட்ச நேர்மை எனலாம்.

ஆயின் அந்நேர்மை ஒரு வெடியோடு நின்றுவிட்டது. மருந்தைத் திராம் கணக்கில் அளந்தோர், காட்டில் எஞ்சிய யானைகளை எண்ணிப் பார்க்கவில்லை. 1845இல் ஊவா மலைப்பகுதியில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப்படுகின்றார். அரசோ கொன்ற தலைகளைக் கணக்கிட்டு வெகுமதி வழங்கியதேயன்றி, இத்தொகைக்கு மேல் கொல்லலாகாது என ஓர் எல்லையை வகுக்கவில்லை. வடமாகாணத்தில் வீழ்ந்த யானைகள் பேக்கருடையது போன்ற சிறந்த துவக்குகளாலேயே வீழ்ந்தன எனவும் கொள்ளலாகாது. கருவி செம்மையாயினும் செம்மையற்றதாயினும், அதனை ஏவிய கொள்கையே அழிவுக்கு முதற்காரணமாயிற்று.

எல்லை வகுத்தல் காலந்தாழ்த்தே நிகழ்ந்தது. துவக்குகளுக்கான கட்டளைச்சட்டம் 1916இலும், விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1937இலும் இயற்றப்பட்டன. முசலிக்குத் தெற்கே வில்பத்து 1938இல் தேசிய வனமாயிற்று. கட்டுக்கரைக்குளம் 1954இலும் மடு வீதிக் காடு 1968இலும் சரணாலயங்களாக்கப்பட்டன. பின்னது 2015இல் தேசிய வனமாக உயர்த்தப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதிலும் காணப்பட்ட காட்டு யானைகள் 5,879. ஒரு மாகாணத்தின் ஒரு பகுதியில் மூன்றாண்டுகளுக்குள் வீழ்ந்தவை 3,500க்கு மேல் என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்கின், இழப்பின் அளவு தெளிவாகும்.

பணிக்கரின் கயிறும் பேக்கரின் துவக்கும் ஆகிய இரண்டுமே நுண்ணறிவின் விளைவுகள்தாம். முன்னதற்கு யானை வாழ்தல் வேண்டும். பின்னதற்கு யானை வீழ்தல் வேண்டும். அறிவின் நுட்பம் மாத்திரம் அறிவை நல்லதாக்கிவிடாது என்பதற்கு மன்னார்ப் பெருநிலத்தின் காடுகள் சான்றாய் நிற்கின்றன.