கரப்பான் பயம்: சில வரலாற்றுக் குறிப்புகள்

போன மாசம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். பல் தேய்க்கக் குளியலறை லைட்டைப் போட்டேன். வாளிக்குப் பின்னாலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்தது. அடுத்த நொடி நான் ஹாலில் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. அம்மா விளக்குமாற்றோடு போய் வேலையை முடித்துவிட்டு வந்தார். "ஏண்டா, நாப்பத்தேழு வயசாகுது" என்று மட்டும் சொன்னார். இது எங்கள் வீட்டில் புதிதில்லை. புதிதாக இருந்தது, கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த என் ஆறு வயது மகள்தான்.

அவள் வெட்டுக்கிளியைக் கையில் பிடித்து விளையாடுகிறவள். மழைக்காலத்தில் பிள்ளைப்பூச்சியைத் தீப்பெட்டியில் போட்டு வைப்பாள். ஆனால் அந்த வாரமே சமையலறையில் ஒரு கரப்பானைப் பார்த்து வீறிட்டு, நேராக ஓடிப்போய் அதே நாற்காலியில் ஏறினாள். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அந்தப் பார்வைக்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவம் என் துறை இல்லை. வரலாறு படித்தவன், வரலாறாகத்தான் படிக்கத் தெரியும். இந்தப் பயம் மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறது, இதைப் பற்றி முன்னாடி இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள், இது போகுமா? இந்த மூன்று கேள்விகளோடு சேர்த்த குறிப்புகள் இவை.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன். நான் வரலாறு படிக்க வந்ததே கரப்பானால்தான். பத்தாவதில் நல்ல மார்க். பிளஸ் ஒன்னில் பயாலஜி, கணக்கு இரண்டும் இருக்கும் ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்தது. இரண்டாவது வாரம் உயிரியல் லேப் பக்கம் போனேன். பிளஸ் டூ பையன்கள் மெழுகுத் தட்டில் கரப்பானைக் குண்டூசி குத்தி வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் நாமும் செய்ய வேண்டும் என்று ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான். மறுநாளே ஹிஸ்டரி குரூப்புக்கு மாற எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் "கணக்கு வரலை" என்று சொன்னேன். அப்பா கடைசி வரைக்கும் அதைத்தான் நம்பினார்.

பயம் என்றால் வெறும் படபடப்பு இல்லை, இப்படி ஒரு வாழ்க்கையின் திசையையே மாற்றிவிடும். அதுவும் கரப்பானுக்கு! பாம்பு போல விஷம் இல்லை, தேள் போல கொட்டாது. இந்தக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இந்தப் பயம் உள்ளவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். "அது உன்னை என்னடா பண்ணும்?" என்று கேட்பவர்கள் ஏதோ புதுத் தகவல் தருவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பழைய ஆட்களில் எனக்கு முதலில் ஆறுதலாகக் கிடைத்தவர் தத்துவ அறிஞர் தெகார்த். 1649இல், சாவதற்கு முந்தைய வருஷம், மனதின் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு சின்னப் பகுதி. சிலரால் ரோஜாப்பூவின் வாசனையைத் தாங்க முடிவதில்லை, சிலரால் பூனை இருக்கும் இடத்தில் நிற்க முடிவதில்லை, ஏன்? தொட்டிலில் கிடந்தபோது ஒரு பூனை அந்தக் குழந்தையைப் பயமுறுத்தியிருக்கலாம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், குழந்தைக்கும் ஞாபகம் இருக்காது. ஆனால் வெறுப்பின் தடம் மட்டும் மூளையில் சாகும்வரை இருக்கும் என்கிறார். பேய், பிசாசு, பாவம் என்று எதையும் இழுக்கவில்லை. சம்பவம் மறந்துவிட்டது, தடம் மறக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் எழுதியது இது.

எனக்கு அப்படி ஏதாவது நடந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கா? நீ கைக்குழந்தையில எல்லாத்தையும் வாயில போடுவே" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அடுத்தவர் ஓவியர் சல்வடோர் தாலி. உருகி வழியும் கடிகாரங்களை வரைந்தவர். அவருக்கு வெட்டுக்கிளி என்றால் உயிர் போகும். 1942இல் வந்த தன்வரலாற்றில் இதை விரிவாகச் சொல்கிறார். பள்ளியில் கூடப் படித்த பையன்கள் வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து அவர் மேல் போடுவார்களாம். தாங்க முடியாமல் ஒரு தந்திரம் செய்தார். வெள்ளைக் காகிதத்தை மடித்துச் செய்யும் பறவைப் பொம்மையைக் கண்டால்தான் தனக்கு இன்னும் பயம் என்று நடிக்க ஆரம்பித்தார். நிஜ வெட்டுக்கிளியைக் காட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார், காகிதப் பறவையைக் காட்டினால் கத்திக் கூப்பாடு போடுவார். பையன்களும் காகிதத்துக்கு மாறிவிட்டார்கள். தாலி எழுதியதை எல்லாம் அப்படியே நம்ப முடியாது, கதை கட்டுவதில் மன்னன். ஆனால் 1929லிருந்து அவர் ஓவியங்களில் அந்த வெட்டுக்கிளி திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. அது நடிப்பில்லை.

பையன்களைப் பற்றிய இடம் எனக்குச் சொந்த அனுபவம். எட்டாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸில் செத்த கரப்பானை வைத்தார்கள். எனக்குத் தாலியின் மூளை இல்லை. ஜாமெட்ரி பாக்ஸ் இல்லாமலே அந்த வருஷத்தை ஓட்டினேன்.

இதுவரை தனி ஆட்களின் பயம். ஒரு ஊரே சேர்ந்து ஒரு பூச்சியைக் காரணம் காட்டுவதும் உண்டு. இத்தாலியின் தென்கோடியில் சலென்டோ என்ற பகுதி. அங்கே பல நூற்றாண்டுகளாக, கோடையில் வயல் வேலைக்குப் போன பெண்கள் திடீரென்று சுருண்டு விழுவார்கள். தரந்துலா சிலந்தி கடித்துவிட்டது என்பார்கள். சிலந்தி பூச்சியினம் இல்லை என்று சண்டைக்கு வராதீர்கள், பயப்படுகிறவனுக்கு எட்டுக் கால், ஆறு கால் கணக்கெல்லாம் கிடையாது. வைத்தியம் என்ன? இசை. வயலினும், நம்ம கஞ்சிரா மாதிரி ஒரு தோல் வாத்தியமும் கொண்டுவந்து வாசிப்பார்கள். எந்த மெட்டுக்கு, எந்த நிறத் துணிக்கு அந்தப் பெண்ணின் உடம்பு அசைகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் ஆட விடுவார்கள். உடுக்கை அடித்துச் சாமி வரவழைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

1959இல் எர்னெஸ்டோ டி மார்டினோ என்ற ஆய்வாளர், மனநல மருத்துவர், இசை ஆய்வாளர் எல்லாரும் சேர்ந்த ஒரு குழுவோடு அங்கே போனார். 1961இல் புத்தகம் வந்தது. அவர் கண்டது இதுதான். பெரும்பாலானவர்களுக்கு நடந்ததைச் சிலந்திக் கடியால் விளக்க முடியவில்லை. கடி என்றால் ஒருமுறை வந்து போகும். இவர்களுக்கோ வருஷா வருஷம் அதே சீசனில் திரும்ப வந்தது. ஜூன் 29, புனித பவுல் திருநாளன்று கலாடினா ஊரின் சிற்றாலயத்துக்கு வந்து கூடினார்கள். பேசிப் பார்த்தால், கைகூடாத காதல், பிடிக்காத கல்யாணம், வறுமை, சாவு என்று ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருந்தது. வாய்விட்டுச் சொல்ல முடியாததற்கு எல்லாம் சிலந்தி பொறுப்பேற்றுக்கொண்டது. புத்தகத் தலைப்பில் உள்ள ரிமோர்சோ என்ற இத்தாலியச் சொல்லுக்கு மன உறுத்தல் என்று பொருள். பிரித்துப் படித்தால் மறுபடி கடித்தல் என்றும் வரும்.

இது பழங்காலத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. மூன்றே வருஷம் கழித்து, 1962 ஜூனில், அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு துணி ஆலையில் கிட்டத்தட்ட இதே கதை. பூச்சி கடித்துவிட்டது என்று தொழிலாளர்கள் மயங்கி விழுந்தார்கள். குமட்டல், தலைசுற்றல், மரத்துப்போதல். மொத்தம் 62 பேர், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஒரே ஷிஃப்ட். அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிபுணர்கள் வந்து ஆலையைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். இத்தனை பேரைச் சாய்க்கும் பூச்சி எதுவும் அகப்படவில்லை. கெர்க்காஃப், பேக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஒப்பிட்டு 1968இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். அது ஆலையில் வேலை நெருக்கடியான சீசன். விழுந்தவர்களிடம் ஓவர்டைமும் வீட்டுப் பாரமும் கூடுதலாக இருந்தது. பயம் சிநேகிதம் வழியாகவும் பரவியிருந்தது. இவர்கள் யாரும் நடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாந்தியும் மயக்கமும் நிஜம். "களைச்சுப் போச்சு, என்னால முடியல" என்று சொன்னால் லீவு கிடைக்காத இடத்தில், பூச்சி கடித்தது என்றால் டாக்டர் வருவார்.

சரி, பயம் ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றும். அப்படியானால் என் மகள்? இதற்குப் பதில் தேடியபோதுதான் உளவியல் வரலாற்றின் இரண்டு குழந்தைகளிடம் வந்து சேர்ந்தேன்.

முதல் குழந்தை எல்லாருக்கும் தெரிந்தது. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் வெளியிட்ட ஆய்வில் ஆல்பர்ட் என்று அழைக்கப்பட்ட கைக்குழந்தை. வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே அழுதது. பிறகு முயலுக்கும் அழுதது. பயத்தை உண்டாக்கிக் காட்டியாயிற்று. எடுக்கவே இல்லை, குழந்தை போய்விட்டது. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டாவது குழந்தையை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பீட்டர், மூன்று வயது நிறையாதவன். எலி, முயல், கம்பளிக் கோட்டு, இறகு, பஞ்சு எல்லாவற்றுக்கும் பயம். மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் பெண் ஆய்வாளர் நியூயார்க்கில் அவனை எடுத்துக்கொண்டார். பயப்படாத மற்றக் குழந்தைகளோடு அவனை விளையாட விட்டு, நடுவில் முயலைக் கொண்டுவந்தார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டோடு முயலைத் தள்ளி வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கினார். நடுவில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மாசம் ஆஸ்பத்திரி. வீடு திரும்ப டாக்ஸியில் ஏறும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. பீட்டர் பயந்தான், கூட இருந்த நர்ஸும் பயந்துபோனார். அதுவரை சேர்த்ததெல்லாம் போய், பழைய பயம் முழுசாகத் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் பீட்டர் தன் விரலை முயல் கொறிக்கும்படி விட்டான். பழக்கமே இல்லாத மண்புழுக் கூட்டத்தைக் கொடுத்தபோது, முதலில் முகம் சுளித்துவிட்டு, சில நிமிஷத்தில் கையில் தூக்கிக்கொண்டு திரிந்தான். 1924இல் வெளிவந்த இந்தக் கட்டுரைதான் இன்றைய பய சிகிச்சைகளுக்கெல்லாம் முன்னோடி.

அந்த நர்ஸ் வரும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டு நர்ஸ் நான்தான்.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1971இல் மார்ட்டின் செலிக்மன் ஒரு கேள்வி கேட்டார். மனுஷனுக்கு ஏன் பாம்பு, பூச்சி, உயரம் இவற்றில் பயம் சீக்கிரம் ஒட்டுகிறது, சுத்தியலிலும் கரன்ட் பிளக்கிலும் ஒட்டுவதில்லை? பரிணாமம் சில பயங்களுக்கு நம்மைத் தயார் செய்து வைத்திருக்கிறது என்றார். பிறகு வந்தவர்கள், கரப்பான் போன்றவற்றில் ஆபத்து உணர்வைவிட அருவருப்புக்குப் பங்கு அதிகம் என்று காட்டினார்கள். 1989இல் ஸ்வீடனின் லார்ஸ் யோரன் ஓஸ்ட், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் ஒரே அமர்வில் முடியும் சிகிச்சையை எழுதினார். வைத்தியர் முதலில் தொட்டுக் காட்டுவார், நோயாளி படிப்படியாகப் பின்தொடர்வார். கட்டாயம் கிடையாது, திடுக்கிட வைப்பதும் கிடையாது. ரொம்ப முற்றியவர்கள் மனநல மருத்துவரிடம் போவதே நல்லது. நாற்காலி ஏறுவது முற்றியதா இல்லையா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இத்தனையும் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளை உட்கார வைத்துப் பேசினேன். "அப்பாவுக்குக் கரப்பான்னா பயம். அது கெட்டதுன்னு இல்ல. எனக்குப் பயப்படப் பழகிப்போச்சு. உனக்கு இன்னும் பழகல." அவள் யோசித்துவிட்டு, "அப்ப நாம ரெண்டு பேரும் சேர்ந்து பழகலாமாப்பா?" என்றாள். எதைப் பழகுவது என்று அவளுக்கும் குழப்பம்தான். ஒரு நோட்டில் படி போட்டோம். முதல் படி, படம் வரைவது. இரண்டாவது, போட்டோ பார்ப்பது. மூன்றாவது, மூடிய பாட்டிலில் செத்த கரப்பானை அறையின் அந்தக் கோடியில் வைப்பது. நான்காவது, அதே பாட்டில் மேஜை மேல். கூடவே கடலை மிட்டாய், பீட்டர் புண்ணியத்தில்.

அம்மாவிடமும் பிளஸ் ஒன் விஷயத்தைச் சொன்னேன். முப்பது வருஷம் கழித்து. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்துவிட்டு, "கணக்கு வரலைன்னியேன்னு டியூஷன் வாத்தியாரைத் தேடி அலைஞ்சாரேடா உங்கப்பா" என்றார்.

மகள் ஐந்தாவது படிக்குப் போய்விட்டாள், பாட்டிலைக் கையில் எடுக்கிறாள். நான் நான்காவதில் நிற்கிறேன்.